ஆணியில் மாட்ட முடியாத பொருள்

மொந்தேசோர்தோ என்ற மலையூரில் தொலைந்த பொருள் எது கிடைத்தாலும் கண்டெடுத்தவர்கள் அதைச் சதுக்கத்து நீரூற்றுச் சுவரில் இருக்கும் இரும்பு ஆணியில் கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள், சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் உரியவர் வந்து எல்லோர் முன்னாலும் ‘இது என்னுடையது’ என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொண்டு போவார், எங்கே தொலைத்தாய், எப்படித் தொலைத்தாய், கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். கையுறை, குடை, பல்செட் எல்லாம் அந்த ஆணியில் தொங்கியிருக்கின்றன. ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம் தொங்கியது, உரியவர் வந்து என்னுடையது என்று சொல்லி எடுத்து விரலில் போட்டுக்கொண்டபோது அவருடைய மனைவி பக்கத்திலேயே நின்றாள், அவளும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தாலியின் நடுவே மலைகளுக்குள் இருக்கிற ஊர் அது. கோட்டைச் சுவரும் வளைந்த கல் சந்துகளும் ஒரு கோயிலுமாக எத்தனையோ நூற்றாண்டு நன்றாகத்தான் இருந்தது, பிறகு ஒரு நிலநடுக்கத்தில் பாதி சரிந்தது, தப்பியவர்கள் பயந்து சமவெளிக்கு இறங்கிப் போனார்கள், வெகுகாலம் அங்கே ஆடுகள் மட்டும் குடியிருந்தன, அதற்கும் பிறகு ஓர்னெல்லா என்கிற அம்மாள் வந்து விழுந்த கற்களை விழுந்த இடத்திலேயே தேடியெடுத்து மறுபடி அடுக்கவைத்து, ஊர்க்காரர்களில் கொஞ்சம் பேரைத் திரும்ப வரவழைத்து, பெரிய வீட்டை இசைக்காரர்கள் வந்து தங்கி வாசித்துப் பழகுகிற இடமாக ஆக்கினாள். கோடை வந்தால் எந்தெந்த தேசத்திலிருந்தோ வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மலையேறுவார்கள். அவர்கள் வாசிப்பது பெரிய வாத்தியக் குழு இசை அல்ல, ஓர் அறைக்குள் அடங்குகிற இசை. நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பாகம். ஒரு பாகத்துக்கு ஒரே ஆள். முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அதில் வழி கிடையாது.

அந்தக் கோடையில் சென்னையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். முதல் வயலின் ஹெலன், குழுவின் தலைவி, லண்டனில் படித்துவிட்டு வந்தவள், ஊசி விழுந்தாலும் எந்த ஸ்வரத்தில் விழுந்தது என்று சொல்லுகிற காது. இரண்டாம் வயலின் குணசீலன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் குரல் தணிந்தும் இருக்கிற வயோலா இன்பராஜ். செல்லோ வாசிக்கிறவர் ஒரு சாது, இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை. இன்பராஜின் தங்கையைத்தான் குணசீலன் கட்டியிருந்தார், ஆகையால் குணசீலனுக்கு இன்பராஜ் மச்சான், இன்பராஜுக்குக் குணசீலன் மாப்பிள்ளை, இரண்டு பேரும் கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் சினிமாப் பாட்டுக்கு வாசித்து வாசித்தே தலை நரைத்தவர்கள். ‘தப்பே வராத இன்பராஜ்’ என்று அங்கே அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் ஹெலன் அவரைத் தேடி வந்து குழுவில் சேர்த்தாள்.

அந்தப் பெயர் வந்த விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சேர்ந்த புதிதில் ஒரு பாட்டுக்கு நடுவில் இன்பராஜின் விரல் தவறி ஒரு ஸ்வரம் பிசகியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து “யாருப்பா அது?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள், டேக் நின்றது, முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை அத்தனை தலையும் திரும்பி அவரைப் பார்த்தன. அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து, கஷ்டமான இடம் வந்தால் இன்பராஜ் வில்லைத் தந்தியில் படாமல் ஒரு மயிரிழை மேலே தூக்கிக்கொள்வார். வில் மற்ற வில்களோடு ஏறும், இறங்கும், விரல்கள் தந்தி மேல் ஓடும், சத்தம் மட்டும் வராது. பக்கத்தில் அத்தனை பேர் வாசிக்கும்போது ஒரு வயோலா இல்லாதது யாருக்குத் தெரியும்? வாசிக்காத ஸ்வரத்தில் தப்பு வராது. அப்படி வந்தது அந்தப் பெயர்.

மொந்தேசோர்தோவில் முதல் நாள் காலை, மாடி அறையில் நாலு பேரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த உருப்படியின் மூன்றாம் பகுதி ஓட்டமான பகுதி, அதில் வயோலா மட்டும் ஏணியில் ஏறுவதுபோல மேலே போய் வருகிற ஓர் இடம் உண்டு. இன்பராஜ் வழக்கம்போல வில்லைத் தூக்கிக்கொண்டார். தூக்கின பிறகுதான் இங்கே பக்கத்தில் வேறு வயோலா இல்லை என்பது உறைத்தது. ஆனால் ஸ்வரங்கள் கேட்டன. ஒன்றுகூடக் குறையாமல், தாளம் பிசகாமல், தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்து வந்தன. வாசித்து முடித்ததும் ஹெலன் வில்லை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அந்த இடம் பிரமாதம் சார். எங்கிருந்தோ வர்ற மாதிரி இருந்துச்சு.”

இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கீழே சமையலறையில் தொமேனிகா இருந்தாள். இசைக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள், கணவனை இழந்தவள், ஊரிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான், எதிர்மலையில் ஆடு மேய்க்கிறவனை வாசலில் நின்றபடியே சாப்பிடக் கூப்பிடுவாள். அன்று காலை காய்கறிக்காரனிடம் கத்திரிக்காய் முற்றல் என்று சொல்ல வாயைத் திறந்தாள், வயோலாவின் ஓசை வந்தது. காய்கறிக்காரன் கேட்டு முடித்துவிட்டு, சரி, வேறு காய் தருகிறேன் என்று மாற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் எதைச் சொல்ல வாய் திறந்தாலும் ஸ்வரங்கள்தான் வந்தன, ஒரு வார்த்தைகூட வரவில்லை.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் வந்து நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஆனால் இது அவளுடைய தொண்டைக்கு உரியது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிரியார் யோசித்துப் பார்த்து, பேயென்றால் இவ்வளவு சுருதி சுத்தமாக இருக்காது என்றார். ரொட்டிக்காரர் இரண்டே நாளில் பழகிக்கொண்டார், தணிந்த ஸ்வரம் வந்தால் கோதுமை ரொட்டி, உயர்ந்தால் இனிப்பு ரொட்டி, நடுவில் இழுத்தால் நேற்றைய கணக்கில் சண்டை. பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் விடிகாலையில் கூவுவதை நிறுத்திவிட்டு அவள் அடுப்பு மூட்டுவதற்காகக் காத்திருந்தது. ஓர்னெல்லா அம்மாள் கைகளைப் பிசைந்தாலும், விருந்தினர்கள் இதைக் கேட்டுப் பரவசப்படுவதைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள், அப்படிப் பட்டதற்காகப் பிறகு பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தாள்.

தொமேனிகாவுடையது இல்லை என்றால் வேறு யாருடையதோ. வேறு யாருடையதோ என்றால் அது தொலைந்த பொருள். ஊர் இவ்வளவு சுலபமாக அதை முடிவு செய்தது. ஆணியில் மாட்ட முடியாதது என்பதால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஆணிக்குக் கீழே போட்டு, சாயங்காலம் மணி அடிக்கும்போது தொமேனிகாவை அதில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் நீலக் குடை, ஒரு பக்கம் ஒற்றைக் கையுறை, நடுவில் அவள், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சதுக்கத்தைக் கடந்து போகிற ஒவ்வொரு இசைக்காரனின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். உரியவர் வந்து என்னுடையது என்று சொல்லி, அந்த ஸ்வரங்களைத் தன் கையால் வாசித்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். இன்பராஜ் அந்த நேரத்தில் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக அறைக்குப் போனார். பின்சந்தில் செருப்பு தடுக்கும், ஆட்டுப் புழுக்கை மிதிபடும், பரவாயில்லை என்று போனார்.

ஊருக்கு அவசரம் ஒன்று இருந்தது. அறுவடை முடிந்து வரும் திருநாளன்று, கோயில் படியில் ஒருவர் நின்று ஊரின் செத்தவர்களின் பெயர்களைக் கூப்பிடவேண்டும், நிலநடுக்கத்தில் போனவர்கள், கடல் கடந்து போய் அங்கேயே மடிந்தவர்கள், படுக்கையில் கிடந்து போனவர்கள், எல்லோரையும். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘இங்கே’ என்று பதில் சொல்லும். கூப்பிடுகிறவள் பல வருடமாகத் தொமேனிகாதான். ஆனால் புதிதாகச் செத்தவரின் பெயரை முதல் வருடம் அவர் வீட்டார் வாயால்தான் கூப்பிடவேண்டும், வேறு யார் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், எங்கே போவதென்று தெரியாமல் செத்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார் என்று அந்த ஊரில் நம்புகிறார்கள். இந்த வருடம் புதிய பெயர் ஒன்றே ஒன்று. தூலியோ. தொமேனிகாவின் ஒரே மகன், கொத்தனார், போன குளிர்காலத்தில் பெரிய வீட்டின் மாடிக்கு ஓடு மாற்றும்போது கால் சறுக்கி விழுந்தவன். இன்பராஜ் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அறையின் கூரை அவன் வேய்ந்த கூரை.

இதை ஓர்னெல்லா அம்மாள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது இன்பராஜின் தொண்டையில் சோறு அடைத்தது, சோறு என்பது ஒரு பேச்சுக்கு, மாவுப் பண்டம். தொமேனிகா அதைப் பார்த்துவிட்டு, இந்த மனிதருக்குச் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் அவருக்கென்று தனியாகக் கொஞ்சம் அரிசியை வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, சாப்பிடு என்று சொல்ல வாய் திறந்தாள், அவர் அன்று காலை விட்ட ஸ்வரங்கள் வந்தன. அவள் சங்கடத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். இன்பராஜ் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். வெட்கம் பசியை அடைக்கும் என்று சொல்கிறவர்கள் வெட்கப்பட்டுப் பார்த்ததில்லை.

வரவர அவள் வாயிலிருந்து வேறு ஸ்வரங்களும் வரத் தொடங்கின. அந்த நாலு பேர் பாட்டில் இல்லாதவை, இத்தாலியில் யாரும் கேட்டிராதவை. ஊர்ப் பெண்கள் அவற்றைத் துணி துவைக்கும்போது முணுமுணுத்தார்கள், கொல்லன் அவற்றின் தாளத்துக்கு இரும்பு அடித்தான். ஒரு சாயங்காலம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த குணசீலனின் முகம் மாறியது. நேராக அறைக்கு வந்தார். இன்பராஜ் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், அந்தம்மா இப்ப பாடினது என்ன தெரியுமா?”

“என்ன?”

“மழைப் பாட்டு மச்சான். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஸ்ட்ரிங்ஸ் வருமே, என் கல்யாணத்துக்கு மறு வாரம் வாசிச்சது. அதுல வயோலா பாகம். முன்னாடி உக்காந்து நான் கேட்டிருக்கேன். அன்னைக்கே பின்னால ஏதோ மெலிசா இருக்கேன்னு நெனச்சேன்.”

“எவ்வளவோ பாட்டு மாப்ள. எனக்கு ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இல்லையா?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

குணசீலன் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

“அந்தம்மாவுக்கு ஒரே பையன் மச்சான்,” என்றார். “நான் வேற ஒண்ணும் சொல்லல.”

மறுநாள் சாயங்காலம் மணி அடித்ததும் குணசீலன் தன் வயலினை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போனார். ஊரே பார்க்க நாற்காலிக்கு முன்னால் நின்று, ஓர்னெல்லா அம்மாளிடம் கற்றுக்கொண்டு வந்த இத்தாலிய வார்த்தைகளில், இது என்னுடையது என்றார். தொமேனிகாவின் கண் கலங்கிவிட்டது, எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், அந்த ஏணி இடத்தை ஒன்றுக்கு மூன்று தடவை, மழைப் பாட்டையும்கூட. முடித்தபிறகு அவள் நம்பிக்கையோடு வாயைத் திறந்தாள். வயோலாதான் வந்தது. அவள் அவர் கையை மெல்ல விட்டாள். ஊர் ஒன்றும் கேட்கவில்லை. தனதில்லாததைத் தனது என்று ஒருவர் சொன்னது அந்த ஆணி அடித்த நாளிலிருந்து நடந்ததில்லை, அதற்கும் ஊர் ஒன்றும் கேட்கவில்லை, கூட்டம் கலைந்து போனது. ஹெலன் மட்டும் குணசீலனைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களா சார்? என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாளா என்னை ஏமாத்தியிருக்கீங்க.”

“மன்னிச்சிருங்க மேடம்,” என்றார் குணசீலன்.

இன்பராஜ் அப்போது பின்சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். நாலு அடி எடுத்து வைத்தால் போதும். வைக்கவில்லை. அன்று அறையில் குணசீலன் வழக்கம்போல மச்சானுடைய ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு மேசையில் வைத்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திருநாள் வந்தது. சதுக்கத்தில் முதலில் இசைக்காரர்களின் கச்சேரி, அது முடிந்ததும் பெயர் கூப்பிடுதல் என்று ஏற்பாடு. ஊர் முழுவதும் பெஞ்சும் ஸ்டூலும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது, சமவெளிக்குப் போனவர்களும் பிள்ளைகுட்டிகளோடு மலையேறி வந்திருந்தார்கள். தொமேனிகா கறுப்பு உடுத்திக் கோயில் படியின் உச்சியில் நின்றாள், இடுப்பில் மகனுடைய கொத்துக் கரண்டியைச் செருகியிருந்தாள். கச்சேரிக்கு இடைஞ்சலாகத் தன்னிடமிருந்து சத்தம் வந்துவிடக் கூடாது என்று, பாவம், ஒரு குவளைத் தண்ணீரை வாய்நிறைய அடக்கிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் பகுதியில் அந்த இடம் வந்தது. இன்பராஜின் வில் தானாகவே எழும்பியது, இவ்வளவு வருடப் பழக்கம், அவரைக் கேட்டா எழும்புகிறது? ஸ்வரங்கள் எங்கிருந்தும் வரவில்லை. இசையில் ஒரு பள்ளம் விழுந்தது, அதில் ஒரு குழந்தை தும்மியதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஹெலனின் தலை திரும்பியது. செல்லோக்காரர்கூடத் திரும்பினார். குணசீலன் மட்டும் திரும்பவில்லை, தன் பாகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருந்தார். எப்படியோ வாசித்து முடித்தார்கள், ஊர் கை தட்டியது.

தொமேனிகா தண்ணீரை விழுங்கினாள். கரண்டியை இடுப்பிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். புதிய பெயரைத்தான் முதலில் கூப்பிடவேண்டும். மூச்சை இழுத்து, பெரிய வீட்டின் கூரையைப் பார்த்து, வாயைத் திறந்தாள். சற்று முன் அந்தப் பள்ளத்தில் காணாமல்போன ஸ்வரங்கள் அப்படியே, வரிசை மாறாமல், அவள் வாயிலிருந்து வந்தன. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாம் முறை வாயைத் திறந்தாள், மறுபடி வந்தது. மூன்றாம் முறை, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணிலிருந்து நீர் வழிய, தன் பிள்ளையின் பெயரை அந்த ஸ்வரங்களுக்கு அடியிலிருந்து பிடுங்கி எடுக்கப் பார்த்தாள், வரவில்லை.

ஊர் இன்பராஜைப் பார்த்தது. எத்தனை தலைகள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரப்பா அது என்று ஒருவர் கேட்டிருந்தால் அவர் ஏதாவது பொய் சொல்லியிருப்பார், பொய் சொல்லிப் பழகிய மனிதர்தான். கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் எழுந்தார். வயோலாவைத் தூக்கிக்கொண்டு படிக்கு அடியில் போய் நின்று, தமிழில், அவருக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை, சொன்னார்.

“இது என்னோடது.”

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வில்லைத் தந்தி மேல் வைத்து அழுத்தினார். அந்த ஏணி இடத்தில் முதல் ஸ்வரமே கீறியது. இரண்டாவது தாழ்ந்தது. ஒவ்வொன்றும் பிசகப் பிசக, எல்லோர் காதிலும் விழ, நிறுத்தாமல் வாசித்தார், அவர் ஒன்றை வாசிக்க வாசிக்க அந்த ஒன்று தொமேனிகாவின் தொண்டையிலிருந்து இறங்கியது. அது முடிந்ததும் மழைப் பாட்டு, அதற்குப் பிறகு மலையில் எடுத்த பாட்டு, தாலாட்டு, சண்டைக் காட்சி, டைட்டில் இசை, யாருக்கும் ஞாபகமில்லாத படங்கள், ஓடாத படங்கள், தலைமறைவாக அவர் உட்கார்ந்திருந்த அத்தனை பின்வரிசைகளும் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாமே கோணல், எல்லாமே கரகரப்பு. ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் சுவரேறிப் போனது, சூப் ஆறியது, குழந்தைகள் மடியில் தூங்கின, ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர் நெற்றி வேர்வையும் கண்ணீரும் சேர்ந்து வயோலாவின் மேல் சொட்டின. கடைசியில் வந்தது ஒரே ஒரு ஸ்வரம், முதன்முதலில் டேக்கை நிறுத்தவைத்த அந்த ஸ்வரம். அதை அன்று பிசகிய மாதிரியே பிசகி வாசித்துவிட்டு வில்லை இறக்கினார்.

தொமேனிகா வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்று வந்தது.

“தூலியோ!”

எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. பெரிய வீட்டின் ஓட்டு மேலிருந்து புறாக்கள் எழும்பின, அவற்றோடு வேறு ஏதோ ஒன்றும் எழும்பியது என்று பின்னால் ஊரில் சொன்னார்கள், நான் அதைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன்.

“இங்கே!” என்றது ஊர். ஹெலனும் சொன்னாள், செல்லோக்காரரும் சொன்னார், குணசீலன் உரக்கச் சொன்னார்.

இன்பராஜும் வாயை அசைத்தார். எல்லோருடைய வாயும் அசைந்தபோது அதே மாதிரி, அதே நேரத்தில், அச்சாக அசைத்தார், சத்தம் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவில் ஒரு குரல் குறைந்தது யாருக்குத் தெரியும்?

தொமேனிகா அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. படியின் உச்சியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், கோபமாகக்கூட இல்லை, ஆணியில் தொங்குகிற பொருளைப் பார்க்கிறவள்போல. கூட்டம் அவள் பார்க்கும் பக்கம் திரும்பியது. வெட்கம் காது மடல்வரை ஏறி எரிந்தது அவருக்கு.

“இங்கே,” என்றார் இன்பராஜ். எல்லோரும் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்து, தனியாக, உடைந்த குரலில்.

தொமேனிகா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.